அட்டை அவள் பெயரில் இருக்கட்டும்

வாசகர் கேள்வி:

எங்கள் ஊர் புதுவயலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டிலேயே தேன்குழலும் அதிரசமும் சுட்டு விசேஷ வீடுகளுக்குக் கொடுத்து வருகிறேன். மகளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு விடுமுறையில் இருக்கிறாள். நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடச் சொல்லி ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். “அங்கே பேப்பர் படிக்கிற பெரியவர்களும் வேலைக்குப் படிக்கிற பையன்களும்தான் உட்கார்ந்திருப்பார்கள். வயதுக்கு வந்த பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?” என்கிறார் மாமியார். “கையில் போன் இருக்கிறது, அதில் இல்லாததா?” என்கிறார் கணவர். போன வாரம் தோழியின் அட்டையில் ஒரு நாவல் எடுத்து வந்தாள். புரட்டிப் பார்த்தேன். கல்யாணமான ஒரு பெண் வேறொருவரை நினைத்து உருகுகிற கதை. பயந்துபோய் அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்று நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. அவள் வயதுப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? என்ன படிக்கிறாள் என்று நான் பார்க்க வேண்டாமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

ஓய்வுபெற்ற நூலகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பீரோவைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து மகளிடம் கொடுத்துவிடுங்கள். அது தோழியின் அட்டையில் வந்தது. தவணை தாண்டினால் அபராதமும் பேச்சும் அந்தப் பிள்ளையின் தலையில் விழும். உங்கள் வீட்டுச் சண்டைக்கு அவள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

உங்கள் மாமியார் சொன்னதில் முக்கால் பங்கு உண்மை. செட்டிநாட்டுக் கிளை நூலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என்பதால் மறுக்காமல் ஒப்புக்கொள்கிறேன். மாலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் நீள மேசையில் பத்திரிகைகள் பிரிந்து கிடக்கும். ஒரே பத்திரிகையின் நாலு தாளை நாலு பெரியவர்கள் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த மேசையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பையன்களும் பெண்களும் தலைநிமிராமல் குறிப்பு எடுப்பார்கள். ஓரத்தில் முழங்கால் உயர அலமாரி ஒன்று. அதில் நீதிக்கதைகள், தெனாலிராமன், படம் போட்ட விலங்குப் புத்தகங்கள். அதற்குப் பெயர் சிறுவர் பகுதி.

இந்த மூன்றில் எதிலும் பதினைந்து வயது இல்லை. சிறுவர் பகுதி நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி மேசையில் இடிக்கும். பெரியவர்கள் பகுதிக்கு வந்தால் “யார் வீட்டுப் பிள்ளை?” என்று நாலு பேர் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்கள். பத்து வயதில் கதைப் புத்தகம் கேட்டு வந்த பிள்ளைகள் பதின்மூன்று வயதில் காணாமல் போவதையும், இருபத்திரண்டு வயதில் வேலை தேடிப் போட்டித் தேர்வுக் கையேட்டோடு திரும்பி வருவதையும் என் காலம் முழுக்கப் பார்த்தேன். நடுவில் இருக்கிற ஒன்பது வருடமும் நூலகத்துக்கு வெளியேதான் கழிகிறது. பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்று மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த வயதுக்கென்று ஒரு பலகையாவது நாங்கள் போட்டு வைத்திருந்தோமா?

அதனால் அவள் வயதுக்கென்று தனியாக என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான கிளை நூலகங்களில் எதுவும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அவளுக்கு அங்கே எதுவுமே கிடைக்காதா என்று கேட்டால், கிடைக்கும். வேறு எங்கேயும் கிடைக்காத ஒன்று கிடைக்கும்.

எது என்று சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். தாவணி போட்ட ஒரு பெண், பதினான்கு வயது இருக்கும், தடித்த நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். அட்டையில் ஒரு பெண்ணின் படம். நான் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் உனக்கு எதற்கு? பரீட்சை வரப்போகிறதே” என்றேன். பத்திரிகை மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாவலை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தேன். பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தாள். பைண்டிங்கில் நறுக்காமல் விட்டுப்போன இரண்டு தாள்கள் அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒட்டிக்கொண்டே இருந்தன. ஒரு ஸ்கேலை விட்டுக் கிழித்தால்தான் உள்ளே படிக்க முடியும். அவள் கிழித்திருக்கவில்லை. கையோடு உறுப்பினர் அட்டையையும் மேசையில் வைத்து, “காப்புத்தொகையைத் திருப்பித் தந்துவிடுங்கள் டீச்சர்” என்றாள். நூலகத்திலும் என்னை டீச்சர் என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். அதன் பிறகு அவள் வரவே இல்லை.

அந்த நாவலைப் பிறகு வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். ஒரு விதவை இட்லிக் கடை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறாள். அவ்வளவுதான் கதை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக உட்கார வைக்கப்பட்டபோது, வேலை சலித்துப்போய், பழைய கணக்கு வாத்தியார் வேலைக்கே ஓடிவிடத் துடித்தவர். அவரேதான் பின்னால் இந்தியாவுக்கே நூலகக் கல்வி கற்றுக்கொடுத்தார். 1931இல் அவர் வகுத்துச் சொன்ன ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இதையெல்லாம் தேர்வில் ஒப்பித்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது. வேலைக்கு வந்து, ஒரே நிமிடத்தில், நாலு பேர் பார்க்க, இரண்டு விதிகளையும் மீறினேன்.

சரி, வேறு எங்கேயும் கிடைக்காதது என்று எதைச் சொன்னேன்? தானாகத் தேர்ந்தெடுப்பது. உங்கள் மகளின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். எந்தப் பள்ளி, எந்தப் பாடப்பிரிவு, என்ன துணி, எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்று ஒவ்வொன்றையும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். அது தவறென்று சொல்லவில்லை, பதினைந்து வயதில் அப்படித்தான் இருக்கும். ஆனால் நூலக அலமாரிக்கு முன்னால் நிற்கும் பத்து நிமிடத்தில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. எடுக்கலாம், நாலு பக்கம் பார்த்துவிட்டு வைக்கலாம், வேறொன்றை எடுக்கலாம். தப்பான புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை, இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். தவறாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்க இவ்வளவு மலிவான இடம் அவளுக்கு வேறு எது இருக்கிறது?

அடுத்தது இடம். இது சின்ன விஷயமாகத் தெரியும். என் நூலகத்துக்கு ஒரு பெண் இரண்டு வருடம் தினமும் வந்தாள். இரவல் வாங்கிய புத்தகங்கள் பத்துகூட இருக்காது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், சில நாள் வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். ஆரம்பத்தில் எனக்கே, இது என்ன சத்திரமா என்று தோன்றியது. பிறகு அவள் வீட்டுக்கு ஒருமுறை போக நேர்ந்தது. வெளியே பார்த்தால் அரண்மனை. உள்ளே வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிப் பங்காளிகளின் அறைகள் எல்லாம் பூட்டிக் கிடக்க, பராமரிப்புக்குக் குடியிருந்த அவள் குடும்பத்துக்கு வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் ஒரே ஒரு அறை. ஐந்து பேர், ஒரு மின்விசிறி, ஓயாத தொலைக்காட்சி. அத்தனை தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த அத்தனை பெரிய தரையும் இருந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு ஒரு மேசை போட இடம் இல்லை. அதற்குப் பிறகு நான் அவளை எதுவும் கேட்டதில்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். “என்ன படிக்கிறாள் என்று நான் பார்க்க வேண்டாமா?” பாருங்கள். ஆனால் பார்ப்பது வேறு, பிடுங்குவது வேறு. ஒரு புத்தகத்தை நீங்கள் பூட்டி வைத்தால், அவள் அடுத்த புத்தகத்தை உங்கள் கண்ணில் படாமல் கொண்டுவரக் கற்றுக்கொள்வாள். அல்லது கொண்டுவராமலே இருந்துவிடுவாள், என் நூலகத்தை விட்டுப்போன பெண்ணைப் போல. இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம்.

செய்ய வேண்டியது எளிது, நேரம்தான் பிடிக்கும். அந்த நாவலை நீங்களும் படியுங்கள். மாவு சலிக்கும் வேலைக்கும் பாகு காய்ச்சும் வேலைக்கும் இடையில் எங்கே நேரம் என்று கேட்பீர்கள். முதல் ஐம்பது பக்கம் போதும். புரட்டிப் பார்த்தபோது உங்கள் கண்ணில் பட்ட பக்கத்தை வைத்துக் கதையைத் தீர்மானித்துவிட்டீர்கள். நானும் அட்டைப் படத்தை வைத்துத் தீர்மானித்தவள்தான், அதனால் குறை சொல்லவில்லை. படித்துவிட்டு, “இந்தப் பெண் ஏன் இப்படி இருக்கிறாள்?” என்று மகளிடம் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். தாய்க்கு அபிப்பிராயம் இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. உங்கள் மகள் நாளைக்கு ஒரு சிக்கலில் மாட்டினால் அதைப் பற்றி உங்களிடம் பேச அவளுக்கு ஒரு வாசல் வேண்டும். கதையில் வரும் யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசிப் பழகுவது அந்த வாசலைத் திறந்து வைப்பதற்கு நல்ல வழி.

உண்மையிலேயே அந்த வயதுக்கு ஆகாத புத்தகங்களும் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். கொடுமையை ருசித்து எழுதியவை, பெண்ணை அடிப்பதை வீரமாகக் காட்டுபவை. அப்படி ஒன்றைப் பார்த்தால், “இப்போது வேண்டாம், இரண்டு வருடம் கழித்துப் படி” என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் சொன்னால் பதினைந்து வயதுக்குப் புரியும். அமெரிக்க நூலகச் சங்கத்தின் உரிமை அறிக்கையில், ஒருவருடைய நூலக உரிமையை மறுக்கக் கூடாத காரணங்களின் பட்டியலில் ‘வயது’ என்ற சொல்லை 1967இல் சேர்த்தார்கள். பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று வழிகாட்டுவது பெற்றோரின் வேலை, நூலகரின் வேலை இல்லை என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நம் ஊரில் நூலகர் பிள்ளையின் அத்தை மாதிரி. ஆனாலும் இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிற அத்தையாக இருக்க வேண்டாம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று இங்கே பொருந்தும். புதுவயலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொடங்கியவர். பழைய புத்தகங்களை வாங்கி வாங்கி வீட்டை நிரப்பினார். தமிழ் இலக்கணம், சித்த மருத்துவம் மட்டும் அல்லாமல், நாடக நோட்டீசு, காலணாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, துப்பறியும் நாவல், காதல் நாவல் என்று கண்டதையும் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைய வழிசெய்தது. 1994 முதல் அவர் பெயரிலேயே நடக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் இளவட்டங்கள் கையில் பார்த்தால் பெரியவர்கள் பிடுங்கி எறிந்த மலிவு நாவல்களை இன்றைக்கு எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சியாளர்கள் வந்து கையுறை போடாத குறையாகப் புரட்டுகிறார்கள். எது குப்பை, எது பொக்கிஷம் என்பதை அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட முடியாது.

(காரைக்குடியில் பழைய வீட்டுத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் பீங்கானுக்கும் என்று ஒரு தெருவே இருக்கிறது. அதே வீடுகளில் கிடந்த புத்தகங்கள் எத்தனையோ எடைக்குப் போயின. தூணுக்கு விலை கேட்டவர்கள் புத்தகத்துக்கு எடை கேட்டார்கள். இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.)

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. போனில் எல்லாம் இருக்கிறது என்பது கிட்டத்தட்டச் சரி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களும் இதழ்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. மகளுக்கு அதைக் காட்டிக் கொடுங்கள். ஆனால் போனில் தேடுவதற்கு, என்ன தேட வேண்டும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு பையன் வந்தான். பள்ளிக்கூடத்தை வெறுத்தவன். மோட்டாருக்குக் காயில் சுற்றும் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. எங்கள் நூலகத்தில் புத்தகம் அடுக்க ஆள் போதாது. அதனால் தொழில்நுட்பப் பலகையில் மோட்டார் புத்தகத்தை ஒட்டித் தேனீ வளர்ப்புப் புத்தகம் யாரோ வைத்தது வைத்தபடி நின்றது. நூலக முறைப்படி அது அங்கே இருக்கவே கூடாது. இரண்டையும் எடுத்துப் போனான். மோட்டார் புத்தகம் தவணைக்குள் வந்துவிட்டது. தேனீ புத்தகத்துக்கு மூன்று முறை தவணை நீட்டித்தான். வீட்டுக் கொல்லையில் பெட்டி வைத்தான், எறும்பு ஏறிக் கெட்டது. மறுபடியும் வந்து, எறும்பு ஏறாமல் இருக்க என்ன போட்டிருக்கிறது என்று பக்கத்தைத் தேடினான். பெட்டியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கச் சொல்லியிருந்தது. “இதை முதலிலேயே படித்திருக்கலாமே டா” என்றேன். “முதலில் படம் மட்டும்தான் டீச்சர் பார்த்தேன்” என்றான். எங்கள் அடுக்கு ஒழுங்காக இருந்திருந்தால் அவனுக்குத் தேனீ கிடைத்திருக்காது.

படிப்பு கெட்டுவிடுமோ என்று நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் மனதில் இருக்கும். பதினொன்றாம் வகுப்புக்குப் பாடநூல்களும் நுழைவுத் தேர்வுக் கையேடுகளும் பல கிளை நூலகங்களில் உண்டு. போட்டித் தேர்வு மேசையைப் பார்த்து அவளும் இப்போதே குரூப் 4 புத்தகத்தில் உட்கார வேண்டும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும். மூன்று வருடம் இருக்கிறது. நூலகத்தையும் டியூஷன் ஆக்கிவிட்டால் அவள் சேரக் கேட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

பாதுகாப்பு பற்றி மாமியார் கவலைப்படுவதை ஒதுக்காதீர்கள். முதல் நாள் நீங்களே கூடப் போங்கள். முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். பேப்பர் மேசையில் இருப்பவர்களில் பாதிப்பேர் அவருக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள், அதுவே ஒரு காவல். நூலகரிடம் நேராகப் பேசி, இவள் என் மகள், இந்த நேரத்துக்கு வருவாள் என்று அறிமுகம் செய்யுங்கள். அவர் மேசையிலிருந்து பார்வை படும் இடத்தில் அவள் உட்காரட்டும். தோழியும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. யாராவது தொந்தரவு செய்தால் நூலகரிடம் உடனே சொல்லலாம் என்பதை அவளிடம் முன்பே சொல்லி வையுங்கள். இன்னொன்று, எழுதக் கூச்சப்பட்டு எல்லாரும் விட்டுவிடுவது, கழிப்பறை. பல கிளை நூலகங்களில் அது இருக்காது, இருந்தாலும் பூட்டிக் கிடக்கும். முதல் நாளே பாருங்கள். பெண் பிள்ளைகள் நூலகத்தில் அரை மணிக்கு மேல் இருக்காததற்கு ஆர்வக் குறைவைக் காரணமாகச் சொல்கிறவர்கள் இதை ஒருநாளும் யோசித்ததில்லை.

உறுப்பினர் ஆவது பெரிய சடங்கு இல்லை. ஒரு விண்ணப்பம், அதில் பெற்றோர் கையெழுத்து, முகவரிக்கு ஆதார் அல்லது ரேஷன் அட்டை நகல். காப்புத்தொகையும் சந்தாவும் சேர்த்தால்கூட காரைக்குடியில் ஒரு சினிமா டிக்கெட் அளவுக்கு வராது. காப்புத்தொகை விலகும்போது திரும்பக் கிடைக்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அட்டையை மட்டும் உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ வாங்காதீர்கள். அவள் பெயரில் இருக்கட்டும், அவள் பையில் இருக்கட்டும். தவணை தவறினால் அபராதத்தையும் அவளே தன் காசில் கட்டட்டும்.

அந்தப் பணத்துக்கே யோசிப்பவர்கள் தங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கலாம். அதில் ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். வீட்டு வரியில் பத்தில் ஒரு பங்கு. 500 ரூபாய் வீட்டு வரி என்றால் 50 ரூபாய் நூலக வரி. ரங்கநாதன் பாடுபட்டு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல் நூலகச் சட்டம். ஆக, நீங்கள் இத்தனை வருடமாகச் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். புத்தகம் எடுக்காமல் விட்டது மட்டும்தான் பாக்கி.

பணம் கட்டுகிறவர் கேட்கவும் வேண்டும். இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரைக்கும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. பதின்வயதினருக்கு ஒரு பலகை ஒதுக்குங்கள் என்று உங்கள் மகளும் தோழிகளும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நூலகரிடம் கொடுக்கட்டும். சிறுவர் பகுதியிலும் பெரியவர்கள் பகுதியிலும் சிதறிக் கிடக்கும் புத்தகங்களில் அந்த வயதுக்குப் பிடித்த நாற்பது ஐம்பதை அவர்களே பொறுக்கி ஒரே இடத்தில் அடுக்கலாம். அறிவியல் கதைகள், பயணக் கட்டுரைகள், விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை, சிறுகதைத் தொகுப்புகள், ‘துளிர்’ போன்ற அறிவியல் இதழ்கள். காசு செலவில்லாத வேலை. நூலகரும் மறுக்க மாட்டார், அவருக்கு அடுக்கும் வேலை மிச்சம். நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதன் தலைவரிடமும் சொல்லுங்கள். ஊரில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள குடும்பங்கள் உண்டே. 1,000 ரூபாய் கொடுத்து நூலகப் புரவலர் ஆகச் சொல்லிக் கேட்கலாம். கோயில் திருப்பணிக்குக் கேட்கிற அதே வாயால் இதையும் கேட்கலாம். கழிப்பறைக்கும் மின்விசிறிக்கும் கிராம சபையில் மனு கொடுங்கள்.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் 2018இல் ஊடி என்று ஒரு பொது நூலகம் திறந்தார்கள். அங்கே பிள்ளைகள் தையல் இயந்திரத்தில் துணி தைக்கிறார்கள், பாட்டுப் பதிவு செய்கிறார்கள். நான் அதையெல்லாம் உங்கள் ஊர் நூலகத்தில் கேட்கச் சொல்லவில்லை. ஒரு பலகையும் ஒரு கழிப்பறையும் போதும் இப்போதைக்கு.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். பல நூலகங்களில் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி வைப்பார்கள். மகள் போகட்டும், ஆனால் பரிசுக்காகத் துரத்தாதீர்கள். நேரில் வர முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘நூலக நண்பர்கள்’ திட்டமும் இருக்கிறது. உங்கள் ஊரில் நடக்கிறதா என்று விசாரியுங்கள். பதினைந்து வயதுக்கு, ‘நீயும் தேவைப்படுகிறாய்’ என்று யாராவது சொன்னால் பிடித்துவிடும்.

உள்ளூர் நூலகத்தில் படித்து முடித்துவிட்டேன் என்று அவள் ஒருநாள் சொல்வாள். எல்லாரும் சொல்வார்கள், பாதி பொய்யாக இருக்கும். அப்போது காரைக்குடிக்கு அனுப்புங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தில் 2025 ஜனவரியில் திறந்த வளர்தமிழ் நூலகத்தை அவளோடு போய்ப் பாருங்கள். அங்கே வெளியாட்கள் எந்த நேரத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை முடிவதற்குள் முடிந்தால் மதுரைக்கும் ஒருநாள். திருப்பத்தூர், மேலூர் வழியாக மாட்டுத்தாவணி போய், புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் காலையிலேயே போய்விட்டால் நாள் முழுக்க இருக்கலாம். 2023 ஜூலையில் திறந்தது. கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் தன்னிஷ்டப்படி மாடி மாடியாக அலைய அவளுக்கு ஒரு இரண்டு மணி நேரம் கொடுத்துவிட்டு, நீங்கள் ஒரு நாற்காலி பார்த்து உட்காருங்கள். அந்த ஐம்பது பக்கத்தை அப்போதுகூடப் படிக்கலாம்.

மூன்று நாளாகப் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சமாதானப் பேச்சு எதுவும் வேண்டாம். கூடவே உறுப்பினர் விண்ணப்பத்தையும் வாங்கிவந்து, உங்கள் கையெழுத்தைப் போட்டு, அவள் பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு மேசையில் வையுங்கள். விண்ணப்பம் வாங்க வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு அன்றைக்குத்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும்.